வால்டன்ஸ்ட்ராம் ரத்தப் புற்றுநோய்: காத்திருப்பதா, ஊசியா, மாத்திரையா?

எழுபது வயதை ஒட்டியவர்கள் சோர்ந்துபோனால் எங்கள் பக்கம் முதலில் அடுப்பில் ஏறுவது சுவரொட்டி. ரத்தம் கம்மி, ஆட்டு மண்ணீரலை வதக்கிக் கொடு, முருங்கைக்கீரை கொடு, இரும்புச்சத்து டானிக் கொடு என்று மாதங்கள் ஓடிவிடும். ஹீமோகுளோபின் மட்டும் ஏறாது. அப்புறம் காரைக்குடியில் ஒரு மருத்துவர் சிவப்பணு படியும் வேகமான ஈ.எஸ்.ஆர். நூறைத் தாண்டியிருப்பதையும், ரத்தத்தில் மொத்தப் புரதம் கூடியிருப்பதையும் கவனித்து மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்புவார். எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை முடிந்ததும் சீட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும்: வால்டன்ஸ்ட்ராம் மேக்ரோகுளோபுலினீமியா.

பெயரைக் கேட்ட அதிர்ச்சி அடங்குவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது. "மூன்று வழி இருக்கிறது. வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்" என்கிறார் மருத்துவர். தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கமிருந்து என்னிடம் பேசியவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் திணறி நிற்கிறார்கள். எங்கள் அப்பச்சிக்கும் இதே நோய். நான் மருத்துவர் இல்லை. அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு போய் வருகிற மகள். மருத்துவர்கள் எங்களுக்கு விளக்கியதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும், நம் ஊர் வீடுகளில் இது எப்படி நடக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கடைசி முடிவை உங்கள் ரத்தவியல் மருத்துவரோடு உட்கார்ந்து எடுங்கள்.

## நோயைப் பற்றி, முடிவெடுக்கத் தேவையான அளவு

ஸ்வீடனைச் சேர்ந்த யான் வால்டன்ஸ்ட்ராம் என்ற மருத்துவர் 1944-ல் இரண்டு நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்தார். மூக்கிலும் வாயிலும் ரத்தக் கசிவு, நெறிகட்டுதல், ரத்தசோகை, எக்கச்சக்கமான ஈ.எஸ்.ஆர். என்று அவர் எழுதிய அடையாளங்கள் இன்றைக்கும் பொருந்துகின்றன.

வெள்ளை அணுக்களில் பி செல் என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரு கூட்டம் கட்டுப்பாடில்லாமல் பெருகி எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறுகிறது. அந்தக் கூட்டம் ஐஜிஎம் என்ற ஒரே புரதத்தை ஓயாமல் சுரக்கிறது. ஐஜிஎம் உருவத்தில் பெரிய புரதம். அளவு மிகவும் கூடினால் ரத்தம் கெட்டிப்பட்டு, பாகு பதம் ஏறினதுபோல் மெதுவாக ஓடும். அப்போதுதான் மூக்கில் ரத்தம், மங்கலான பார்வை, விடாத தலைவலி, தலைசுற்றல் எல்லாம் வரும். மஜ்ஜையில் இடம் குறைவதால் ரத்தசோகை. சிலருக்குப் பாத நரம்புகள் பாதிக்கப்பட்டு மரத்துப்போகும்.

மேலை நாட்டுக் கணக்குப்படி பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 பேருக்குத்தான் இது வருகிறது. பெரும்பாலும் முதியவர்கள், ஆண்கள் கொஞ்சம் அதிகம். மெதுவாக வளரும் நோய். கண்டுபிடித்தபின் பத்தாண்டுக்கு மேல் வாழ்பவர்கள் பலர். அடியோடு ஒழிப்பது இன்றைய மருந்துகளால் வழக்கமாக நடப்பதில்லை, ஆனால் பல ஆண்டுகள் அடக்கிவைக்க முடியும். நோயின் இந்த மெதுவான குணத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மூன்று வழிகளையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தை முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள். புரதப் பரிசோதனையில் "எம் பேண்ட்" (ஒரே வகைப் புரதம் குவிந்திருப்பதன் அடையாளம்) என்று வந்தால் பலரும் மைலோமா என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அதுவும் மஜ்ஜை நோய்தான், அதிலும் எம் பேண்ட் வரும், ஆனால் வைத்தியம் வேறு. எம் பேண்ட் ஐஜிஎம் வகைதானா, மஜ்ஜைத் துணுக்கில் என்ன தெரிந்தது, எம்.ஒய்.டி.88 என்ற மரபணு மாற்றம் இருக்கிறதா என்ற மூன்று பதிலும் கையில் இருக்க வேண்டும். 2012-ல் வெளிவந்த ஆய்விலிருந்து, வால்டன்ஸ்ட்ராம் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த மாற்றம் இருப்பது தெரியும். மாத்திரை வேலை செய்யுமா என்பதையும் இது ஓரளவு சொல்லிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

"எது ரொம்ப சக்தியான மருந்து?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது நாலாவதோ ஐந்தாவதோ கேட்க வேண்டிய கேள்வியாகப் படுகிறது. நான் கேட்கச் சொல்வது இவை.

இப்போது தேவையா? நோய் இருப்பது வேறு, நோய் தொந்தரவு செய்வது வேறு.

உடம்பு எதைத் தாங்கும்? இதயத் துடிப்பில் கோளாறு, சர்க்கரை, சிறுநீரகம், பாத மரமரப்பு, பழைய காசநோய், ஹெப்படைட்டிஸ் பி. வயதைவிட இவை முக்கியம்.

வைத்தியத்துக்கு முடிவு உண்டா? சில மாதத்தில் முடிவதா, நிறுத்தாமல் தொடர்வதா?

யார் கூட வருவார்? செட்டிநாட்டில் இதுதான் பெரிய கேள்வி. இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று நீளும் வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும் இருப்பார்கள். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று இருப்பார்கள்.

பணம் எப்படிப் போகும்? மொத்தமாகச் சில மாதம் போவதா, மாதாமாதம் முடிவில்லாமல் போவதா?

நாளைக்கு என்ன மிச்சம் இருக்கும்? நோய் திரும்பினால் அடுத்து எடுக்க எந்த மருந்து கையில் இருக்கும்?

## வழி 1: காத்திருந்து கவனிப்பது

நம் வீடுகளில் ஒப்புக்கொள்ளவே முடியாத வழி இதுதான். "அப்பச்சிக்குப் புற்றுநோய்ங்கிறாங்க, சும்மா இருங்கன்னும் சொல்றாங்கன்னா எப்படி ஆத்தா?" என்று வெளிநாட்டிலிருந்து மகன் போனில் கத்துவது எனக்குப் புரிகிறது. ஆனால் அறிகுறி இல்லாதவருக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்தால் ஆயுள் கூடும் என்பதற்குச் சான்று கிடையாது. மருந்தின் பக்கவிளைவு மட்டும் இன்றைக்கே வந்துவிடும். அதனால்தான் உலகம் முழுக்க ரத்தவியல் மருத்துவர்கள், அறிகுறி வரும்வரை மருந்து ஆரம்பிப்பதில்லை.

ஆரம்பிக்க வேண்டிய நேரத்துக்குத் தெளிவான அடையாளங்கள் உண்டு. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்குவது, தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே போவது, ரத்தம் கெட்டிப்பட்டதற்கான அறிகுறி, நரம்பு பாதிப்பு, பெரிய நெறிகட்டிகள், காரணமில்லாத காய்ச்சல், இரவில் படுக்கை நனையும் வியர்வை, எடை குறைவது. ஐஜிஎம் எண் ஏறினால் மட்டும் போதாது. டெசிலிட்டருக்கு 2,500 மி.கி.யிலிருந்து 3,000 ஆகிவிட்டது என்று தூக்கம் கெடுவதில் அர்த்தமில்லை. ஆனால் 6,000 மி.கி.யைத் தாண்டினால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவர் மருந்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அந்த அளவில் ரத்தம் கெட்டிப்படும் ஆபத்து அதிகம்.

காத்திருப்பது என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், ஐஜிஎம், புரதம் பார்ப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எப்போதும் ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். ஒவ்வோர் ஆய்வகத்தின் முறையும் வேறு, எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. சிலருடைய ஐஜிஎம் குளிரில் உறைந்து படியும் குணம் கொண்டது. காரைக்குடியில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கு அனுப்பினால் புரதம் குழாயின் அடியில் தங்கி, எண் குறைவாக வரும். வீட்டில் எல்லாரும் நோய் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனி நீலம் பாரிக்கிறது என்று யாராவது சொன்னால், ரத்தத்தை உடல் சூட்டிலேயே வைத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.

கண் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். ரத்தம் கெட்டிப்படுவது விழித்திரையின் ரத்தக் குழாய்களில் நேரடியாகத் தெரியும். குழாய்கள் வீங்கி, இடையிடையே இறுகி, கோத்த மணிபோல் இருக்கும். சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் சாதாரணப் பரிசோதனைதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்ணாடி மாற்ற எப்படியும் போகிறவர்கள், இந்த நோயின் பெயரைச் சொல்லி விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் செலவு பணமில்லை, மனம். அடுத்த பரிசோதனை நெருங்க நெருங்க வீட்டில் ஒரு இறுக்கம் வரும். அதோடு, தொந்தரவு இல்லை என்று பரிசோதனையையே மறந்துவிடுகிற ஆபத்தும் உண்டு. காலண்டரில் எழுதி முகப்பில் மாட்டுங்கள். வெளியூர் மகளோ மகனோ ஒருவர் தேதிக்குப் பொறுப்பு ஏற்கட்டும்.

யாருக்கு ஏற்றது: ஐஜிஎம் 6,000-ஐத் தாண்டாத, அறிகுறி இல்லாதவர்கள் எல்லாருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிலருக்கு ஓரிரு ஆண்டில் மருந்து தேவைப்படும், சிலருக்குப் பத்தாண்டு ஆனாலும் தேவைப்படாது. அந்த ஆண்டுகள் முழுக்க மருந்தில்லாமல் நடமாடிய ஆண்டுகள்.

## வழி 2: சில மாதங்களுக்கு ஊசி

மருந்து தேவை என்று ஆகிவிட்டால், காலக்கெடு உள்ள வைத்தியம் இது. நாலு முதல் ஆறு சைக்கிள், அதாவது சுற்று. அதற்கப்புறம் மருந்து கிடையாது, கண்காணிப்பு மட்டும். ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசி இதில் பொது. பி செல்லின் மேலுள்ள ஓர் அடையாளத்தைப் பிடித்து அதை அழிக்கும் மருந்து. 2007-லேயே டாக்டர் ரெட்டிஸ் நிறுவனம் இதன் உள்நாட்டு வடிவத்தைக் கொண்டுவந்ததால் நம் நாட்டில் விலை இறங்கியது. கூடச் சேர்ப்பதில்தான் இரண்டு பாதை.

ஒன்று, பெண்டாமஸ்டின் என்ற கீமோ மருந்தோடு சேர்ப்பது. 28 நாளுக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு நாள் டிரிப். ஜெர்மனியில் நடந்த பெரிய ஆய்வில் இந்தச் சேர்க்கை எடுத்த வால்டன்ஸ்ட்ராம் நோயாளிகளில் பாதிப் பேருக்கு நோய் ஏறக்குறைய 6 ஆண்டுகள் தலைதூக்கவில்லை. நெறிகட்டிகள் பெரிதாக இருப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்யும். இதற்கு உடம்பு கொடுக்கும் விலை என்னவென்றால், வெள்ளை அணுக்கள் குறைந்து தொற்றுக்கு வழி திறக்கும், எதிர்ப்புச் சக்தி பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வயதானவர்களுக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பது வழக்கம்.

இன்னொன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்ஃபமைடு என்ற கீமோ மருந்தும் சேர்ப்பது. 21 நாளுக்கு ஒருமுறை. ஒருநாள் மருத்துவமனை, பிறகு ஐந்து நாளுக்கு வீட்டிலேயே மாத்திரை. இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். ரத்த அணுக்களை அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஆனால் பலன் மெதுவாகத்தான் தெரியும். கிரேக்க நாட்டில் நடந்த ஆய்வில் பாதிப் பேருக்கு 3 ஆண்டளவில் நோய் திரும்பியது. டெக்ஸாமெத்தசோன் போட்ட இரண்டு மூன்று நாளுக்குச் சர்க்கரை எகிறும், தூக்கம் வராது. சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு அந்த நாட்களின் மாத்திரை அளவை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்ட்டிசோமிப் சேர்ந்த மூன்றாவது வகையும் உண்டு. நன்றாக வேலை செய்யும், ஆனால் நரம்பைப் பாதிக்கும். ஏற்கெனவே பாதம் மரத்துப்போனவருக்கு வேண்டாம்.

இரண்டு பாதைக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ரிட்டுக்ஸிமாப் போட்ட முதல் சில வாரங்களில் பாதிப் பேருக்கு அருகில் ஐஜிஎம் குறைவதற்குப் பதிலாக ஏறும். மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை, தானாக இறங்கிவிடும். ஆனால் ஆரம்பத்திலேயே 4,000-க்கு மேல் இருப்பவருக்கு இந்த ஏற்றமே ஆபத்தாகலாம். அவர்களுக்கு ரிட்டுக்ஸிமாபைத் தள்ளிப்போடுவார்கள், அல்லது முதலில் பிளாஸ்மா மாற்றுவார்கள். அதேபோல் ஹெப்படைட்டிஸ் பி பரிசோதனை இல்லாமல் இந்த ஊசியைத் தொடவே கூடாது. கல்லீரலில் உறங்கிக் கிடக்கும் கிருமி கிளம்பி உயிருக்கே ஆபத்து வரலாம். நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளை ரிட்டுக்ஸிமாபுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது போட்டுவிடுங்கள்; பிறகு போட்டால் உடம்பில் பிடிக்காது.

இனி மறைமுகச் செலவு. காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் ஏறத்தாழ 90 கி.மீ. காலையில் கிளம்பினால் மருந்து ஏறி முடிய மாலை ஆகிவிடும். முதல் டோஸில் குளிரும் நடுக்கமும் வரலாம் என்பதால் மிக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள்; அன்றைக்கு இரவு அங்கேயே தங்குவது நல்லது. பெண்டாமஸ்டின் என்றால் இரண்டு நாள் தங்கல் கட்டாயம். கார் வாடகை, விடுதி, கூட வருபவரின் வேலை நாள், அணுக்கள் குறைந்தால் போடும் ஊசி, நடுவில் ஒரு காய்ச்சலுக்கான அட்மிஷன் இவ்வளவையும் கணக்கில் சேருங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த நேரத்துக்கு யார் கார் எடுப்பார் என்பதை முதல் சைக்கிளுக்கு முன்பே பேசி வையுங்கள்.

எழுபது வயதுக்கான பீமரத சாந்தியை முடித்துவிட்டு ஆரம்பிக்கலாமா என்று கேட்டார்கள் ஒரு குடும்பத்தார். நியாயமான கேள்விதான். பார்வை மங்கல், ரத்தக் கசிவு போன்ற அவசரம் இல்லாவிட்டால், சில வாரம் தள்ளிப்போடலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள், பலருக்குச் சம்மதிப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது சைக்கிளுக்கு நடுவில் சாந்தி வைத்துக்கொண்டு, ஊரே வந்து விழுந்து கும்பிட்டுக் கையைப் பிடித்துப் பேசும் கூட்டத்தில் அவரை உட்காரவைப்பது அதைவிட ஆபத்து.

யாருக்கு ஏற்றது: ஓரளவு திடமான உடம்பு, ஐந்தாறு மாதம் ஒதுக்கிக் கூட நிற்க ஒருவர், பிறகு மருந்தில்லாத ஆண்டுகள் வேண்டும் என்ற விருப்பம் இருப்பவர்களுக்கு.

## வழி 3: தினமும் மாத்திரை

இப்ருட்டினிப் என்ற மருந்துக்கு இந்த நோய்க்காக அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. அதே வகையைச் சேர்ந்த ஜானுப்ருட்டினிபுக்கு 2021-ல். கெட்டுப்போன பி செல் உயிரோடிருக்க நம்பியிருக்கும் பி.டி.கே. என்ற நொதியை இவை அடைத்துவிடுகின்றன. இப்ருட்டினிபின் முதல் ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் பலன் தெரிந்தது. ஹீமோகுளோபின் சில வாரத்திலேயே ஏற ஆரம்பிக்கும். டிரிப் இல்லை, முடி கொட்டுவதில்லை, மாதாமாதம் தங்கல் இல்லை.

இவ்வளவு சௌகரியத்தைக் கேட்டதும் பலரும் இதுதான் வேண்டும் என்று முடிவுசெய்துவிடுகிறார்கள். இதற்கு முடிவுத் தேதி கிடையாது என்பதை அப்போது யாரும் உரக்கச் சொல்வதில்லை. மாத்திரை வேலை செய்யும்வரை தினமும், ஆண்டுக்கணக்கில் சாப்பிட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் ஐஜிஎம் வேகமாகத் திரும்ப ஏறும். சிங்கப்பூர் மகன் அனுப்பும் பணம் ஒரு மாதம் தாமதமானாலும், மருந்துக்கடையில் இருப்பு இல்லாவிட்டாலும், பாதிப்பு உடம்பில் தெரியும். ஒரு மாதத்துக்கான மருந்து எப்போதும் கூடுதலாக வீட்டில் இருக்க வேண்டும். விலை குறைவு என்று பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத டப்பாவை யார் கைமாற்றிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நிறுவனங்களின் நோயாளி உதவித் திட்டங்கள் உண்டு. மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் வழி காட்டுவார்.

இதயத் துடிப்பு தாறுமாறாவது, ரத்த அழுத்தம் ஏறுவது, லேசாக இடித்தாலும் கன்றிப்போவது, ரத்தம் கசிவது ஆகியவை இப்ருட்டினிபின் முக்கியப் பக்கவிளைவுகள். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் ஜானுப்ருட்டினிபுக்குத் துடிப்புக் கோளாறு கணிசமாகக் குறைவாக இருந்தது. இதய நோயுள்ளவருக்கு மாத்திரைதான் என்று முடிவானால் அது கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். எம்.ஒய்.டி.88 மாற்றம் இல்லாதவருக்கு இப்ருட்டினிப் சரியாக வேலை செய்வதில்லை. அந்தப் பரிசோதனைக்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடித்துவிட்டு மாதாமாதம் மாத்திரைக்குக் கொட்டுவது நியாயமில்லை.

வீட்டுப் பழக்கங்களிலும் கவனம் வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரையும் ஆஸ்பிரினும் கசிவைக் கூட்டும். பல் பிடுங்குவதற்கு முன்னும் பின்னும் சில நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், பல் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பூஞ்சை மாத்திரை, சில ஆன்டிபயாட்டிக், சில இதய மாத்திரைகள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்ப்ளிமாஸ் பழமும் அப்படித்தான், தவிர்த்துவிடுங்கள். தினமும் நார்த்தங்காய் ஊறுகாய் இல்லாமல் சாப்பிடாதவர்கள் அதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்கு ஏற்றது: டிரிப்பைத் தாங்க முடியாத அளவு தளர்ந்தவர்கள், ஊசி வைத்தியத்துக்குப் பிறகு நோய் சீக்கிரம் திரும்பியவர்கள், பயணத்துக்கு ஆளில்லாதவர்கள். ஆனால் தினமும் மாத்திரையை எடுத்துக் கொடுக்கவும், வாரம் ஒருமுறை பி.பி. பார்க்கவும் வீட்டில் ஒருவர் வேண்டும். மறதி நோயுள்ளவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு இந்த வழி சரிவராது.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | காத்திருப்பது | ஊசி | மாத்திரை |
|---|---|---|---|
| எப்போது | அறிகுறி இல்லாதபோது | அறிகுறி வந்தபின் | அறிகுறி வந்தபின், அல்லது நோய் திரும்பியபின் |
| காலம் | 3–6 மாதத்துக்கு ஒரு பரிசோதனை | 4 முதல் 6 மாதம் | முடிவுத் தேதி இல்லை |
| பயணம் | குறைவு | மாதம் 1–2 நாள், தங்கலோடு | முதலில் அடிக்கடி, பிறகு குறைவு |
| பணம் | பரிசோதனைக்கு மட்டும் | சில மாதம் மொத்தமாக | மாதாமாதம் தொடர்ந்து |
| பெரிய ஆபத்து | பரிசோதனையை மறப்பது | தொற்று, ஐஜிஎம் ஏற்றம் | துடிப்புக் கோளாறு, ரத்தக் கசிவு, நிறுத்தினால் ஏறுவது |
| தயங்க வேண்டியவர் | பார்வை மங்கல், கசிவு உள்ளவர் | ஹெப்படைட்டிஸ் பி பார்க்காதவர், மிகத் தளர்ந்தவர் | ரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர், மருந்து தடைபடும் வீடு |
| பிறகு மிச்சம் | எல்லா வழியும் | மாத்திரை | ஊசி, உடம்பு தாங்கினால் |

## பிளாஸ்மா மாற்றுவது நாலாவது வழியா?

இல்லை. ரத்தம் கெட்டிப்பட்டுவிட்டால் அன்றைக்கே செய்ய வேண்டிய முதலுதவி. ரத்தத்தை எந்திரத்தின் வழியாக ஓடவிட்டு, ஐஜிஎம் நிறைந்த பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து மாற்றுத் திரவம் கொடுப்பார்கள். ஐஜிஎம் பெரும்பகுதி ரத்தக் குழாய்க்குள்ளேயே இருப்பதால் ஓரிரு முறையிலேயே பார்வை தெளியும். ஆனால் சுரக்கும் செல்கள் அப்படியேதான் இருக்கும், சில வாரத்தில் மறுபடி ஏறும். அதனால் பின்னாலேயே ஊசியோ மாத்திரையோ வந்தாக வேண்டும். இதில் ஒரு ஆபத்தான இடம் இருக்கிறது. ஹீமோகுளோபின் 7 என்று பார்த்துவிட்டு உள்ளூரில் அவசரமாக ரத்தம் ஏற்றிவிடுவார்கள். ஏற்கெனவே கெட்டியாக உள்ள ரத்தத்தில் சிவப்பணுவைச் சேர்த்தால் நிலைமை மோசமாகும். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ரத்தம் ஏற்றுவதற்கு முன் நோயின் பெயரைச் சொல்லுங்கள். நாங்கள் அப்பச்சியின் சட்டைப் பையில் அதை ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறோம்.

## எந்த ஊரில்?

நோயை உறுதிசெய்யவும் முதல் முடிவை எடுக்கவும் ஒருமுறையாவது ரத்தவியலுக்குத் தனித்துறை உள்ள பெரிய இடத்துக்குப் போய்வருவது நல்லது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் நம் பக்கத்திலிருந்து போய்வரும் இடங்கள். விடியற்காலை பல்லவன் ரயிலில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை. இந்த நோயை ஆண்டுக்கு ஒருவரைப் பார்க்கும் மருத்துவருக்கும், மாதாமாதம் பார்க்கும் மருத்துவருக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் அங்கே எழுதிக் கொடுத்த வைத்தியத்தை மதுரையிலோ திருச்சியிலோ எடுத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். இதை முதல் நாளே அங்கே சொல்லிவிட்டால், இங்கிருக்கும் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஆத்தங்குடியில் கல் பதிக்கிறவருக்கும், வயல் வேலைக்குப் போகிறவருக்கும் அந்த அட்டைதான் கைகொடுக்கும். உங்களுக்குச் சொன்ன மருந்துச் சேர்க்கை அதில் அடங்குமா என்று மருத்துவமனைக் காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள், வீட்டில் சாப்பிடும் மாத்திரைக்குப் பணம் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டே கேர் ஊசிக்குத் தருகிற பாலிசி மாத்திரைக்குக் கைவிரிப்பதுண்டு. அந்த ஒரு பதிலால் வழி 3-லிருந்து வழி 2-க்கு மாற வேண்டிவரலாம்.

## என் கருத்து

அறிகுறி இல்லை என்றால் காத்திருங்கள். உறவுக்காரர்கள் என்ன சொன்னாலும் காத்திருங்கள்.

மருந்து தேவை, உடம்பு திடமாக இருக்கிறது, கூட வர ஆள் இருக்கிறார் என்றால் நான் ஊசியின் பக்கம். ஐந்தாறு மாதம் சிரமம்தான். ஆனால் அதற்கப்புறம் மருந்தோடும் மருந்துக்கடையோடும் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை, பின்னால் நோய் திரும்பினால் மாத்திரை காத்திருக்கும். திடமாக இருந்து, நெறிகட்டியும் பெரிதாக இருந்தால் பெண்டாமஸ்டின். கொஞ்சம் தளர்ந்திருந்து, அவசரமும் இல்லை, செலவையும் பார்க்க வேண்டும் என்றால் சைக்ளோபாஸ்ஃபமைடு சேர்ந்தது.

எண்பதைத் தாண்டியவர், அலைய முடியாதவர், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுக்கப் பொறுப்பான ஆள் இருக்கிறார், பணமும் தடைபடாது என்றால் மாத்திரை. துடிப்புக் கோளாறு இருந்தால் எந்த மாத்திரை என்பதை இதய மருத்துவரையும் வைத்துக்கொண்டு முடிவுசெய்யுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு தாளில் இதை எழுதிக்கொண்டு போங்கள்: இப்போதே ஆரம்பிக்க வேண்டிய அறிகுறி எது? எம்.ஒய்.டி.88 முடிவு என்ன? ஹெப்படைட்டிஸ் பி பார்த்தாயிற்றா? ஐஜிஎம் 4,000-க்கு மேல் இருந்தால் முதல் ஊசியை எப்படித் திட்டமிடுகிறீர்கள்? இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது? இது திரும்பினால் அடுத்து என்ன? பதில்களை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளை அந்த நேரத்தில் போனில் கேட்கவையுங்கள். நோயாளி கண்டிப்பாக அந்த அறையில் இருக்கட்டும். அப்பச்சியையோ ஆத்தாளையோ வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே நாம் மட்டும் பேசி முடிவெடுக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். மாதாமாதம் 90 கி.மீ. போய் டிரிப் ஏற்றிக்கொள்ளப் போவதும், தினமும் மாத்திரையை விழுங்கப் போவதும் அவர்தான். எது தன்னால் முடியும் என்று முதலில் அவரைக் கேளுங்கள்.